துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0: கம்ப்யூட்டருக்குள் நடப்பது என்ன?

ஆரணியில் பட்டு நெய்யும் வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு பெட்டி இருக்கும். அதன் பக்கத்தில் நூலால் கோத்த அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அட்டை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அடுத்த அட்டையைப் பார்த்தால் துளைகள் வேறு இடங்களில் இருக்கும். இதுதான் ஜக்கார்டு. கம்ப்யூட்டர் பற்றிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, பள்ளி லேபில் உள்ள மானிட்டரைக் காட்டுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியைக் காட்டலாம். கம்ப்யூட்டருக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, இதில் பார்க்கலாம்.

நெசவாளர் மிதியை அழுத்துகிறார். ஓர் அட்டை வந்து பெட்டியின் ஊசிகள்மேல் அழுந்துகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி அதற்குள் புகுந்துகொள்ளும். அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நிற்கும். மேலே எழும் 'கத்தி' என்ற பட்டை அதை மாட்டித் தூக்கும். கொக்கியில் கட்டிய பாவு நூலும் (நீளவாக்கில் ஓடும் நூல்) கூடவே எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி விலகும், கத்தி அதைத் தொடாமல் மேலே போகும், நூல் கீழேயே கிடக்கும். நாடா குறுக்கே ஓடி ஓர் ஊடை, அதாவது குறுக்கு நூல், விழுகிறது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. புடவையில் மயில் இறங்குவது இப்படித்தான். பெட்டிக்கு மயில் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த இடத்தில் துளை உண்டா, இல்லையா என்பது மட்டுமே. கம்ப்யூட்டருக்கும் அவ்வளவுதான் தெரியும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். லேபில் வரும் கோளாறுகள்கூட.

பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்தப் பெட்டியை 1804-ல் வடிவமைத்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே துளை அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரங்கள் துளை அட்டைகளை வைத்தே எண்ணி முடித்தன. ஆக, ஆரணி அட்டை கம்ப்யூட்டருக்குத் தூரத்து உறவு அல்ல, நேரடி மூதாதை.

துளை உண்டு என்பதை 1 என்றும், இல்லை என்பதை 0 என்றும் எழுதினால் அது ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு இடங்களில் 0, 1 இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் 256 விதமாக எழுதலாம். அதனால் ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் வைக்கலாம். பட்டுத் தறியில் 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டி வழக்கத்தில் உண்டு. அதன் ஓர் அட்டையில் 240 பிட், அதாவது 30 பைட் அடங்கும்.

முப்பது பைட்டில் தமிழில் எவ்வளவு எழுதலாம்? யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியலில் 'அ'வுக்கு 2949-ஆம் எண். இணையத்திலும் கோப்புகளிலும் பெரும்பாலும் பயன்படும் முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். 'அ' என்றால் 224, 174, 133. பிட்டாக எழுதினால் 11100000 10101110 10000101. 'வேலூர்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு குறி: வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஆறுக்கும் சேர்த்து 18 பைட். 'ஆரணி'யில் ஆ, ர, ண, இகாரக் குறி என்று நாலு, 12 பைட். இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்தால் 30. ஒரு பட்டுத்தறி அட்டையில் கச்சிதமாக அடங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'வே' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'வ' எழுதுகிறோம். கம்ப்யூட்டர் நினைவகத்தில் 'வ' முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும் நேரத்தில்தான் எழுத்துரு கொம்பை முன்னால் நகர்த்திவைக்கிறது. சில பழைய மென்பொருள்களில் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சேமித்த எண்கள் சரியாகவே இருக்கின்றன, காட்டும் வேலைதான் தவறிவிட்டது. பழைய டிடிபி கடைக் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் தாறுமாறான ஆங்கில எழுத்துகள் வருவது வேறு கதை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் வடிவத்தை மாட்டிவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடாக மாற்றினால்தான் தீரும்.

மாடிப்படி லைட்டும் கூட்டல் கணக்கும்

அட்டையில் துளை, கம்ப்யூட்டரில் மின்சாரம். சிப்புக்குள் டிரான்சிஸ்டர் என்ற நுண்ணிய சுவிட்ச் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் இருந்தால் 1, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் 0. இந்தச் சுவிட்ச் எப்படிக் கணக்குப் போடும்?

மாடி வீடுகளில் படிக்கட்டு லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். ஒன்று 1-லும் மற்றது 0-லும் இருந்தால் எரியும்; இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் எரியாது என்று வயரிங் செய்துகொள்வோம். கிணற்று மோட்டாருக்கு வீட்டில் ஒரு மெயின், கொட்டகையில் ஒரு ஸ்டார்ட்டர். இரண்டும் போட்டால்தான் ஓடும். இப்போது ஓர் இலக்கக் கூட்டலைப் பாருங்கள். 0-உம் 0-உம் சேர்ந்தால் 0. 0-உம் 1-உம் சேர்ந்தால் 1. 1-உம் 1-உம் சேர்ந்தால் இரண்டு; இருநிலை எண்முறையில் அது 10, அதாவது இங்கே 0 போட்டு மீதி 1 பக்கத்துக்குப் போகும். இந்த இடத்தில் எழுதவேண்டிய இலக்கத்தை மாடிப்படி லைட் சொல்லிவிடுகிறது. மீதியை மோட்டார் சொல்லிவிடுகிறது. இப்படி எட்டு இடத்துக்குக் கட்டி, ஒன்றின் மீதியை அடுத்ததற்கு அனுப்பி, அங்கே அதையும் இதே முறையில் கூட்டினால், எட்டு பிட் கூட்டும் இயந்திரம் தயார். 25 என்பது 00011001, 17 என்பது 00010001. கூட்டினால் 00101010, அது 42. நோட்டில் போட்டுப் பாருங்கள்.

ஒன்பது எண்களில் ஒரு புரோகிராம்

கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எதைக் கூட்டுவது, எங்கே வைப்பது என்று யார் சொல்வது? அதையும் எண்ணாகவே சொல்கிறோம். இன்டெல் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த 8085 சிப்பை, பாலிடெக்னிக் லேபுகளில் பாடத்துக்காக நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். சுமார் 6,500 டிரான்சிஸ்டர் கொண்ட சின்ன சிப் அது. இன்றைய சிப்புகளில் நூற்றுக்கணக்கான கோடி இருக்கும். ஆனால் வேலை செய்யும் முறை ஒன்றே. சின்னதில் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பதால் இதை எடுத்துக்கொள்வோம்.

ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டியில் 25, இன்னொன்றில் 17. மொத்தம் எத்தனை என்று 8085-ஐக் கேட்க, நினைவகத்தில் வரிசையாக இந்த ஒன்பது எண்களை வைக்க வேண்டும்: 62, 25, 6, 17, 128, 50, 0, 69, 118. (லேபில் உள்ள 8085 பயிற்சிக் கிட்டில் பதினாறு நிலை எண்களாகத் தட்டுவோம், இங்கே பதின்ம எண்ணாகவே எழுதியிருக்கிறோம்.)

சிப் முதல் எண்ணை எடுக்கிறது. 62 என்றால் 'அடுத்து வரும் எண்ணை ஏ ரிஜிஸ்டரில் போடு'. ரிஜிஸ்டர் என்பது சிப்புக்குள்ளேயே ஓர் எண்ணை வைக்கும் சின்ன அறை. அடுத்தது 25, ஏ-யில் 25 போகிறது. அடுத்த எண் 6. 'அடுத்து வருவதை பி ரிஜிஸ்டரில் போடு'. 17 அங்கே போகிறது. 128 என்றால் 'ஏ-யோடு பி-யைக் கூட்டி ஏ-யிலேயே வை'. 50 என்றால் 'ஏ-யில் உள்ளதை அடுத்த இரண்டு எண்கள் காட்டும் முகவரியில் எழுது'. அந்த இரண்டு எண்கள் 0, 69. முகவரி 69 பெருக்கல் 256, அதாவது 17,664. கடைசியாக 118, 'நில்'. 17,664-ஆம் அறையைத் திறந்து பார்த்தால் 42 இருக்கும். எடு, என்னவென்று பார், செய், அடுத்ததை எடு. உலகத்தில் ஓடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மின்சாரம் இருக்கும்வரை செய்துகொண்டிருப்பது இந்த வட்டத்தைத்தான்.

இதில் ஒரு மாணவர் 17-ஐத் தட்ட மறந்துவிட்டார் என்று வையுங்கள். வரிசை 62, 25, 6, 128, 50, 0, 69, 118 என்று ஆகிவிடும். சிப் 6-ஐப் படித்து, அடுத்து வந்த 128-ஐ பி-யில் போட்டுவிடும். கூட்டச் சொன்ன கட்டளையே இப்போது வெறும் எண்ணாகிவிட்டது. அடுத்தது 50, எழுது. ஏ-யில் இருப்பது 25. ஆகவே விடை 25. எந்தப் பிழைச் செய்தியும் வராது, பீப் சத்தம் கேட்காது. சிப் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டு நின்றுவிடும். 128 என்பது கட்டளையா, சரக்கா என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஜக்கார்டில் ஓர் அட்டையைக் கோக்காமல் விட்டால் தறி நிற்காது, மயிலின் கழுத்தில் ஒரு வரி காணாமல் போகும். அதே பிழைதான்.

இன்னொன்று: 200-ஐயும் 100-ஐயும் கூட்டச் சொன்னால் ஏ-யில் 44 இருக்கும். எட்டு பிட்டில் 255-க்கு மேல் இடமில்லை. 300-ல் 256 வெளியே வழிந்து மீதி 44. வழிந்ததைக் குறிக்க 'கேரி' என்று ஒரு தனி பிட் 1 ஆகும். புரோகிராம் எழுதுபவர் அதைப் பார்க்கத் தவறினால் 44-ஐ நம்பவேண்டியதுதான்.

சிப்பின் வேலைக்குத் தாளம் போடுவது கடிகாரத் துடிப்பு என்ற மின்துடிப்பு. 8085-க்கு இந்த ஒன்பது பைட் வேலை முடிய 36 துடிப்பு ஆகும். வினாடிக்கு 30 லட்சம் துடிப்பு என்றால், 12 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியில் இதே கணக்கை 83,000 தடவைக்கு மேல் போட்டுவிடும். கம்ப்யூட்டரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த வேகமே.

காத்திருக்கும் நேரம்

நம் ஊரில் 'சிபியு' என்று சொல்வது பெரிய தகரப் பெட்டியை. அது கேபினெட். உண்மையான சிபியு, 8085 போலக் கட்டளைகளைச் செய்யும் சிப், அதற்குள் மதர்போர்டில் ஃபேனுக்கு அடியில் இருக்கும். குடியாத்தம் தீப்பெட்டி அளவுதான். இன்றைய சிபியுவுக்கு வினாடிக்கு 300 கோடி துடிப்பு சாதாரணம். ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும். அவ்வளவு வேகமான மெஷின் ஒரு கோப்பைத் திறக்க ஏன் இப்படி இழுக்கிறது?

ஒரு துடிப்பை ஒரு வினாடியாக நீட்டிக் கணக்குப் போடுவோம். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகத்திலிருந்து (கேஷ்) ஓர் எண்ணை எடுக்க நாலைந்து வினாடி. ஓடும் புரோகிராமை வைத்திருக்கும் நினைவகமான ராமிலிருந்து எடுக்க நாலு நிமிடம். சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறத்தாழ மூன்றரை நாள். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு வருடத்துக்கும் மேல். ஹார்டு டிஸ்கில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. படிக்கும் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவையான இடம் அடியில் வரும்வரை நிற்க வேண்டும். இயந்திர அசைவு அவ்வளவு மெதுவானது.

ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸோ லினக்ஸோ இடம் பற்றாமல் ராமில் உள்ளதை டிஸ்கில் ஒதுக்கிவைக்கும். திரும்பத் தேவைப்பட்டால் எடுத்துவரும். நாலு நிமிட வேலை ஒரு வருட வேலையாகிறது. மவுஸ் அசையும், எதுவும் திறக்காது, கேபினெட்டில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். லேபில் பழைய மெஷின் இப்படித் திணறினால் சிபியுவைக் குறைசொல்லாதீர்கள். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி ராம் என்றால் 8 ஆக்குங்கள். பத்து வருட மெஷினும் பள்ளி வேலைக்குத் தாராளமாக ஓடும். எங்கள் கணிப்பில் பள்ளி லேபுக்கு இதைவிடப் பயன்தரும் செலவு வேறில்லை.

கரண்ட் போனால்

ராமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சின்ன கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓட்டைக் குடம். ஊற்றிய தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை எல்லாக் குடத்தையும் பார்த்து, நிறைந்திருந்ததைத் திரும்ப நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை. சேமிக்காத கட்டுரை போய்விடுவதற்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல்-எஸ் அழுத்தும்போது ராமில் இருப்பது டிஸ்குக்கு நகல் ஆகிறது. டிஸ்க் கரண்ட் இல்லாமலும் மறக்காது.

கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. உள்வரும் கரண்ட் நின்ற பிறகும், முழுச் சுமையில் 16 மில்லி வினாடி அளவுக்கு அது தாக்குப்பிடிக்கும். அதற்குள் யுபிஎஸ் கைமாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண யுபிஎஸ் 10 மில்லி வினாடிக்குள் மாற்றிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சில நேரம் பிந்திவிடும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே யுபிஎஸ் என்று குறித்த சுவிட்ச் உண்டு. அந்தப் பக்கம் தள்ளிவையுங்கள்.

600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-அவர். நூறு வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 50 நிமிடம் ஓட வேண்டும் என்று கணக்கு சொல்லும். நடப்பில் அதில் பாதிகூடக் கிடைக்காது. வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் யுபிஎஸ் வைப்பது பேட்டரிக்கு நாள் குறிப்பதுதான். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. தாளைச் சூடாக்கும் உருளை ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும்.

பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்புறம் சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 என்றும் 230 என்றும் எழுதியிருக்கும். அதை 115 பக்கம் தள்ளிவிட்டு நம் கரண்டில் போட்டால் வெடிச் சத்தத்தோடு போய்விடும். பிள்ளைகள் தொடக்கூடாத இடம் அது. கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உள்ள வடிகட்டி சிறிய அளவு மின்சாரத்தை கேபினெட்டின் தகரத்துக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் தொட்டவர் வழியே போகும். கோடையில் பாலாற்று ஓரத்து மண்ணும் காய்ந்துவிடும்போது எர்த் குழியும் காயும். வாரம் ஒருமுறை குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு பிளக் செருகும் பழக்கம் எங்கே இருந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும்.

சூடும் தூசியும்

சிபியுவின் சூட்டை அறைக் காற்றுதான் எடுத்துச் செல்கிறது. வேலையில் இருக்கும்போது காற்றைவிட 45 டிகிரி கூடுதலாக இருக்கும் சிபியு, 25 டிகிரி அறையில் 70-ல் நிற்கும், 40 டிகிரி அறையில் 85-க்குப் போகும். சிபியு மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளின் (ஹீட் சிங்க்) இடுக்கில் தூசி அடைத்தால் 100-ஐத் தொடும். அப்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும். ஆன் செய்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகி, அணைந்து, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது என்றால் வைரஸ் தேட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டை வெளியே எடுத்துப்போய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டுமீறிச் சுற்றி பேரிங் கெடும். சரியாகவில்லையென்றால் ஹீட் சிங்க்கைக் கழற்றி, அதற்கும் சிபியுவுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, பச்சைப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்ட வேண்டும். அதிகம் பூசினால் சூடு கடத்துவது குறையுமே தவிர அதிகமாகாது.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, பீப் பீப் என்கிறது: முதலில் ராம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, ராமை எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இருபுறக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். திரையில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் மானிட்டரை இணைக்கும் விஜிஏ கேபிளில் நீல நிறத்தின் பின் வளைந்திருக்கும். ஊதா கலந்த சிவப்பாகத் தெரிந்தால் பச்சை போயிற்று. கீபோர்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டு பட்டன் செத்தால், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தடங்களில் ஒன்று அறுந்திருக்கிறது. தேநீர் சிந்திய கீபோர்டில் இது சகஜம்.

தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, இணையத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது என்றால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ செல் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதிவைத்திருக்கும். உங்கள் மெஷினின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் நம்பாது. மெஷின் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அந்த செல்தான். உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. அதனால் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு வினாடி கிடைத்துவிடுகிறது. கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான். செல்லின் எண் சி.ஆர். 2032. பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது எழும்பி வரும்; புதியதை கூட்டல் குறி மேலே தெரியும்படி போட்டு, ஆன் செய்ததும் செட்டப்பில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். மறுநாள் காலையிலும் தேதி பின்னால் போயிருந்தால் செல்லை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.5-க்குக் கீழே என்றால் அது கடையிலேயே பழசானது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.